விலையில்லாக் கருவி, விலைமதிப்பில்லா நினைவு

உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? இந்தக் கேள்வியைப் பினாங்கில் பல மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். “அலமாரிக்கு மேலே ஏதோ ஒரு பெட்டியில்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் தாயாரின் பிஸ்கட் தகரப் பெட்டியை நாங்கள் பல ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை. சென்ற பள்ளி விடுமுறையில் என் அக்காள் மகள் அதைத் திறந்தாள். பாதிப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. 1970களில் எடுத்த வண்ணப்படங்களில் நீலமும் பச்சையும் மங்கி, எல்லா முகங்களிலும் செம்மை ஏறியிருந்தது.

பினாங்கு ஒரு தீவு. ஆண்டு முழுவதும் இங்கே வெப்பமும் ஈரக்காற்றும் உண்டு. புகைப்படத் தாளுக்கு இவை இரண்டுமே பகை. ஒட்டும் பசைத்தாள் கொண்ட ஆல்பங்களில் வைத்த படங்கள் பாதுகாப்பாக இருக்கும் என நம்பினோம். காலப்போக்கில் அந்தப் பசையே மஞ்சளாகிப் படங்களைக் கெடுக்கிறது. ஆகவே, படங்களைப் பூட்டி வைப்பது அவற்றைக் காப்பதாகாது. அவற்றை வருடியில் இட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். கறையையும் கீறலையும் சீர்செய்ய வேண்டும். படங்களோடு குறிப்புகளையும் சேர்த்து ஒரு மின்னிலக்கத் திரட்டேடாகத் தொகுக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் மாணவர்கள் உடனே ஒரு காரணம் சொல்வார்கள். “அந்த மென்பொருள் எல்லாம் விலை அதிகம், ஐயா. எங்களால் வாங்க முடியாது.” இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதை யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இன்று அதை ஏற்க முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விலை என்னும் தடை பெருமளவு நீங்கிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். இனி நமக்குத் தேவைப்படுவது பணத்தைவிட நேரமும் நேர்மையும் அக்கறையுமே என்பது என் கருத்து.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். படங்களைத் திருத்தும் மென்பொருள் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது 1990ஆம் ஆண்டில் வெளிவந்த போட்டோஷாப். அது சிறந்த மென்பொருள்தான். ஆனால், 2013 தொடங்கி அதன் புதிய பதிப்புகள் சந்தா முறைக்கு மாறிவிட்டன. தொழிலாகச் செய்பவர்களுக்கு அந்தச் செலவு நியாயமாக இருக்கலாம். ஆண்டில் சில நாள் மட்டும் குடும்பப் படங்களைத் திருத்தும் மாணவருக்கு அது தேவையற்ற சுமை.

அதற்கு மாற்றாக கிம்ப் என்னும் மென்பொருள் உள்ளது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரண்டு மாணவர்கள் அதை உருவாக்கத் தொடங்கினர். இன்றுவரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை மேம்படுத்தி வருகின்றனர். யாரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு பழைய படத்தின் கீறலை மறைக்க அதில் தனிக் கருவியே இருக்கிறது. கீறலுக்கு அருகிலுள்ள நல்ல பகுதியை எடுத்து, அதன் நிறத்தையும் ஒளியையும் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப இணைத்துவிடும். கணினி இல்லாதவர்கள் ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியைத் திறன்பேசியிலேயே பயன்படுத்தலாம்.

திரட்டேடு தயாரிக்கும் கருவிகளின் கதை இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மெலனி பெர்கின்ஸ், மலேசியரான தந்தைக்கும் ஆஸ்திரேலியத் தாய்க்கும் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பிற மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள்களைக் கற்றுக்கொடுத்தார். அவற்றின் அடிப்படைகளைக் கற்கவே மாணவர்கள் மிகவும் திணறுவதைக் கண்டார். எனவே, 2007ஆம் ஆண்டில் தம் நண்பரோடு சேர்ந்து ஒரு சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். பள்ளிகள் தங்கள் ஆண்டு மலரைத் தாங்களே இணையத்தில் வடிவமைக்க அது உதவியது. அந்த அனுபவத்திலிருந்து 2013இல் பிறந்ததுதான் இன்று உங்களில் பலர் பயன்படுத்தும் கேன்வா. நம் கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கைக் கொண்டு அதன் கல்விப் பதிப்பை நீங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டுமா?

இருந்தும், சிலர் வேறொரு குறுக்குவழியை நாடுகிறார்கள். விலையுயர்ந்த மென்பொருளின் களவு நகலை நண்பரின் விரலியிலிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். “எல்லாரும்தானே செய்கிறார்கள்” என்பது அவர்களின் சமாதானம். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை ஓர் இலக்கியப் படைப்புக்கு நிகராகப் பாதுகாக்கிறது. நாவலை எழுதியவருக்கு உள்ள உரிமை நிரலை எழுதியவருக்கும் உண்டு. மேலும், களவு நகல்களோடு நச்சுநிரலும் வந்து சேரக்கூடும். குடும்பத்தின் நினைவுகளைக் காக்கப் போய், இருந்த கோப்புகளையும் பறிகொடுப்பது அறிவுடைமையாகுமா? நேர்வழியிலேயே இலவசக் கருவிகள் கிடைக்கும்போது களவுக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

நமக்கு இன்னொரு கேள்வியும் எழும். இந்த மென்பொருள்களில் தமிழ் வருமா? முன்பு ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து உருவான பல மென்பொருள்களில் தமிழைத் தட்டெழுதினால் ‘கொ’வின் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகப் பிரிந்து நிற்கும். திருமண அழைப்பிதழ்களில்கூட இந்தக் கோலத்தைக் கண்டிருப்பீர்கள். இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. ஒருங்குறி எழுத்துருக்களைப் பயன்படுத்தினால் மேற்சொன்ன கருவிகளில் தமிழ் ஒழுங்காகவே அமைகிறது. இந்த மாற்றத்துக்குத் துணைநின்றவர்களில் நம் நாட்டவர் ஒருவரும் உண்டு. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2005இல் கைப்பேசிக்கான செல்லினமும் வெளிவந்தது. அவர்கள் வழி அமைத்துக் கொடுத்தார்கள். அந்த வழியில் நடந்து, நம் குடும்பப் படங்களுக்குக் கீழே தமிழில் எழுதுவது நம் பொறுப்பு.

இனி, ஜோர்ஜ்டவுன் பிள்ளைகளுக்கே உரிய ஒரு வேலையைச் சொல்கிறேன். அது படம் திருத்துவதைவிடப் பெரியது.

இந்நகரின் பழைய கடைவீடுகளை நீங்கள் அறிவீர்கள். முகப்புக் குறுகலாக இருக்கும். உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசலில் ஐந்தடி நடைபாதை, நடுவில் வெளிச்சமும் மழையும் இறங்கும் திறந்த முற்றம், பின்கட்டில் சமையல். 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயராமல் வைத்திருந்தது. அதனால், குறைந்த வருமானம் பெற்ற குடும்பங்களும் நகர மையத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவானது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முற்றிலும் விலகியது. வாடகை உயர, பல குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின. எட்டு ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இணைத்தது. அந்தப் பெருமையால் பல சுவர்கள் காக்கப்பட்டன. அச்சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களின் நினைவை யார் காப்பது?

அந்த நினைவு குடும்பங்களிடம்தான் இருக்கிறது. எங்கள் குடும்பமும் குவீன் தெரு மாரியம்மன் கோவிலின் மணியோசை கேட்கும் தொலைவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த குடும்பம். 1999இன் இறுதியில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்கு மாறினோம். அந்தக் கடைவீட்டு மாடியின் உட்புறத்தைக் காட்டும் முழுப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அக்காலத்தில் படச்சுருளுக்கும் கழுவுவதற்கும் காசு வேண்டும். ஆகவே, மனிதர்களைத்தான் எடுத்தோம். அடுப்படியை யார் எடுப்பார்கள்?

அக்காள் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டு வடிவமைப்புக்கென்று சுவீட் ஹோம் திரீடி என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. பிரான்சு நாட்டு நிரலர் எமானுவேல் புய்பாரே உருவாக்கியது. சுவர், கதவு, படிக்கட்டு எல்லாவற்றையும் தரைப்படமாக வரைந்தால், அடுத்த கட்டத்தில் அது முப்பரிமாண வீடாக எழுந்து நிற்கும். புதிதாக வீடு கட்டுபவர்களும் அறையை மாற்றி அமைப்பவர்களும் பயன்படுத்தும் கருவி அது. அவள் அதைக் கொண்டு, இனி எங்களுக்குக் கிடைக்காத வீட்டைக் கட்ட முடிவு செய்தாள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“அறை எவ்வளவு நீளம், பாட்டி?”

“மீட்டர் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. மூன்று பாய் விரித்தால் நடக்க வழி இருக்காது.”

அவள் எங்கள் வீட்டுப் பாயை அளந்து, அதை மூன்றால் பெருக்கிக்கொண்டாள். பிறகு சுவரை வரைந்தாள். தாயார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

“இவ்வளவு நேராகவா இருந்தது? அந்தச் சுவர் கோணல், அம்மா. உன் தாத்தா அலமாரியைச் சாய்த்து வைக்கச் சீட்டுக்கட்டு முட்டுக் கொடுத்திருந்தார்.”

கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருக்கிறது! அலமாரியிலிருந்து பேச்சு அடுப்புக்குப் போனது. அடுப்பிலிருந்து, பக்கத்து அறையில் குடியிருந்தவர்கள் யார், தண்ணீர்க் குழாயில் யார் முதலில் பிடிப்பது, துறைமுகத்தில் வேலை முடிந்து தாத்தா எந்தப் படியில் உட்கார்ந்து காலைக் கழுவுவார் என்று விரிந்தது. இரண்டு மணி நேரத்தில் நாங்கள் இருபது ஆண்டுகளாகக் கேட்காத கதைகளைக் கேட்டோம். அக்காள் மகள் அவற்றைத் திறன்பேசியில் பதிவுசெய்துகொண்டாள். அந்த மென்பொருளுக்கு நாங்கள் ஒரு சென்கூடச் செலவழிக்கவில்லை. ஆனால், அன்று எங்களுக்குக் கிடைத்ததை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

கருவி எளிதாகக் கிடைப்பதால் ஓர் ஆபத்தும் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எதையும் மாற்றிவிடலாம் என்னும் துணிவு நமக்கு வந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மறைந்த எங்கள் பாட்டியின் சிறிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட ஒரு கடையில் கொடுத்தோம். திரும்ப வந்த படத்தில் கீறல் இல்லை, மடிப்பு இல்லை. பாட்டியும் இல்லை! கருத்த முகத்தை வெளுக்க வைத்து, நெற்றிச் சுருக்கங்களை வழித்தெடுத்து, உதட்டில் சாயம் பூசியிருந்தார்கள். கடைக்காரர் அன்போடுதான் அப்படிச் செய்தார். எங்களுக்குப் பிடிக்கும் என நினைத்திருக்கிறார். என் தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது யார்?” என்று கேட்டார். அந்தப் படத்தை நாங்கள் மாட்டவே இல்லை.

வெயிலில் உழைத்துக் கருத்த முகம் அவருடைய வாழ்க்கை வரலாறு. அதை வெளுக்க வைப்பது வரலாற்றை அழிப்பதாகும். ஆகவே, திருத்தத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். காலம் படத்துக்குச் செய்த சேதத்தை நீக்கலாம். கறை, கீறல், மங்கிய நிறம் ஆகியவை அதில் அடங்கும். மனிதரை மாற்றக்கூடாது. நிறம், சுருக்கம், கிழிந்த சட்டை, கூட நின்ற பிடிக்காத உறவினர் ஆகிய எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை ஒரே தட்டலில் தெளிவாக்கித் தருகின்றன. படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அவை ஊகித்தே வரைகின்றன என்பதை மறவாதீர்கள். அவற்றைப் பயன்படுத்தினால், அது செயற்கையாகத் திருத்திய படம் என்று கீழே குறிப்பிட்டுவிடுங்கள். மூலப் படத்தைத் தனியே, கைபடாமல் வைத்திருங்கள்.

படத்தைத் திருத்துவதைவிடவும் முக்கியமான வேலை, அதன் கீழே எழுதுவது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழகத்துப் பழைய புகைப்பட நிலையங்களின் படங்களைத் தேடி மின்னிலக்கமாக்கினார்கள். அது போற்றத்தக்க பணி. ஆயினும், எவ்வளவு பெரிய நிறுவனமும் ஒரு முகத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கிறார். இன்று இருக்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் பெட்டியில் ஒரு படம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறார். யாரென்று தாயாருக்கே தெரியவில்லை. “உன் பெரியம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்” என்றார். பெரியம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சிரிப்புக்கு இனிப் பெயர் கிடையாது. எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது.

“காகித ஆல்பத்தைப் புரட்டும் சுகம் திரையில் வருமா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இலவசச் சேவை ஒன்று நாளை கட்டணச் சேவையாகலாம், நின்றும் போகலாம். கடவுச்சொல்லை மறந்தால் கணக்கே மூடிக்கொள்ளும். ஆகவே, மின்னிலக்கம் வந்ததும் காகிதத்தைத் தூக்கி எறிய வேண்டும் என நான் சொல்ல மாட்டேன். மூன்று நகல்கள் இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று விரலி அல்லது வன்தட்டில், ஒன்று உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ. செய்து முடித்த திரட்டேட்டை அச்சிட்டுத் தாத்தா பாட்டியின் கையிலும் கொடுங்கள். மூலப் படங்களைக் காற்றுப்புகும் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மேலும், குடும்பப் படங்கள் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. படத்தில் இருப்பவரைக் கேட்காமல் முகநூலிலோ புலனக் குழுவிலோ பகிர்வது முறையன்று.

எல்லா மாணவர் வீட்டிலும் கணினியோ வருடியோ இல்லை என்பதையும் நான் அறிவேன். அங்கேதான் பள்ளி கைகொடுக்க வேண்டும். தமிழ்மொழிக் கழகம் ஆண்டுக்கு ஒரு நாளை ‘குடும்பப் பட நாள்’ என ஒதுக்கலாம். பள்ளியின் வருடியைக் கொண்டு ஒவ்வொரு மாணவரும் ஐந்து படங்களைக் கணினியில் ஏற்றலாம். அஞ்சலட்டையைவிடச் சிறிய படங்களை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் வருடினால், பின்னர் பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்கும். 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னிலக்க நூலகம் போன்ற பொது இடங்களும் நம் ஊரில் உள்ளன. செலவைவிட ஏற்பாடுதான் இதற்குத் தேவை.

எனவே, மாணவர்களே, புதிய மென்பொருளைப் பற்றிய விளம்பரத்தைப் பார்க்கும் முன்பு, உங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே பாருங்கள். இந்த வாரம் ஒரே ஒரு படத்தை எடுங்கள். அதைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொண்டுசென்று மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர்கள் யார்? இது எங்கே? அன்று என்ன நடந்தது? விடையைத் தமிழில் எழுதி வையுங்கள். கறையைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம். மென்பொருள் அடுத்த மாதமும் கிடைக்கும்.

என் அக்காள் மகளின் திரட்டேடு இன்னும் முடியவில்லை. அந்தக் கடைவீட்டின் மாடிப் படிக்கு எத்தனை கட்டைகள் என்பதில் என் தாயாருக்கும் அக்காளுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும், மெதுவாகவே முடியட்டும். பேச வைத்ததுதான் அந்தக் கருவி எங்களுக்குச் செய்த பேருதவி.